பதியாத விசை

விசைப்படகில் இரண்டு விரலை விட்டுவிட்டு
விசைப்பலகைக்கு வந்தவன் நான்.
வின்ச்சு கேட்டது, கொடுத்தேன்:
இடக்கைச் சுண்டுவிரலும் அதன் பக்கத்து வீட்டுக்காரனும்.
மிச்சம் எட்டு.

தங்கச்சிமடத்தில் ஐஸ் கம்பெனிச் சந்து,
நுழைந்ததும் முதல் கடை.
டோக்கன் விண்ணப்பம், மானிய டீசல் மனு,
கல்யாண ஓலை, மூன்றாம் ஆண்டு நினைவு அட்டை,
எதுவானாலும் பக்கம் இருபது ரூபாய்.

மதுரையிலிருந்து வந்த பையன்
புதுப் பலகையை மேசையில் வைத்தான்.
'நூத்திநாலு விசையையும் ஒண்ணா அமுக்குங்கண்ணே,
நூத்திநாலும் பதியும்.'
விலை என் பழசைப்போல ஒன்பது மடங்கு.
யாரிடம் சொல்கிறாய் தம்பி என்று கையைத் தூக்கிக் காட்டினேன்.
விரலைப் பார்த்தான்,
பிறகு வெகுநேரம் டீயைப் பார்த்தான்.

எனக்கெதற்கு?
க அடித்து ஓ அடித்தால் கோ.
ஓ முந்திவிட்டால் ஓக.
உயிரும் மெய்யும் கூடிப் பிறப்பதெல்லாம் இலக்கணத்தில்;
இங்கே வரிசையில்தான் வரவேண்டும், ரேஷன் கடை மாதிரி.
அவசரக்காரன் ஒரு விரலை எடுக்குமுன் அடுத்ததை வைப்பான்,
போனால் போகிறதென்று மூன்றாவதையும்.
அதற்குமேல் ஒன்றாக அமுக்குவது
பூனை நடந்தால்தான்.

தடைக்காலம். படகெல்லாம் கரையில்,
பிள்ளைகளெல்லாம் என் கடையில்.
டெல்வினும் தங்கச்சி ரெக்ஸலினும்
ஒரு கணினி, ஒரே பலகை, மணிக்குப் பதினைந்து.
திரையில் இரண்டு கார் துரத்துகின்றன.
இடப்பக்க எழுத்துகள் அவனுக்கு, அம்புகள் அவளுக்கு.
அவன் இரண்டு விசையைப் பிடித்துக்கொண்டு கிடப்பான்,
அவள் வண்டி வளைவில் திரும்பாமல் நேரே போய் மோதும்.
'அமுக்கினேன்.'
'அமுக்கவே இல்ல.'
'அமுக்கினேன்டா!'
பன்னிரண்டு நாள் தோற்றாள்.

பதின்மூன்றாம் நாள் மின்சாரம் போனது.
மூலையில் கிடந்த செத்த பலகையைக் கவிழ்த்து
திருப்புளி கேட்டாள்.
உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள்,
ஒன்றில் குறுக்கே கோடு, ஒன்றில் நெடுக்கே.
வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்து
'வலை' என்றாள்.

அப்புறம் எனக்கு விளங்கியவரை இதுதான்:
ஒரு கண்ணியின் நாலு முடிச்சில் மூன்றை அமுக்கினால்
நாலாவதும் அமுங்கியதாகத் தெரியும்.
யாரும் தொடாத விசை அது. பேய்.
பேய்க்குப் பயந்த பலகை
மூன்றாவதையே விழுங்கிவிடுகிறது.
'உண்மையா அமுக்கினவளத்தான் மாமா
அது நம்ப மாட்டேங்குது.'

மின்சாரம் வந்ததும் தன் விசைகளை மாற்றிக்கொண்டாள்,
அண்ணனோடு ஒரே கண்ணியில் சிக்காத நாலு.
அன்று ஏழு ஆட்டத்தில் நாலு அவளுக்கு.
பலகை சரியில்லை என்று டெல்வின் எழுந்து போய்விட்டான்.

கதவை இறக்கியபின்
எட்டு விரலையும் ஒன்றாக வைத்து அமுக்கிப் பார்த்தேன்.
திரையில் ஐந்து எழுத்து.
எந்த மூன்று வரவில்லை என்று தேடவில்லை.

ரோப்பு கையைச் சுற்றிய அன்று
நிறுத்து என்று கத்தினேன்.
அதே நொடியில் ரெமிஜியுஸ் ஐஸ் பெட்டிக்காகக் கத்தினான்,
ஜோன்பிச்சை வேறெதற்கோ.
டிரைவர் காதில் விழுந்தது இரண்டு குரல்.
பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்து சத்தியம் செய்தான்:
'நீ கத்தவே இல்லப்பா.'
பதினாலு வருஷம்
நானும் அதைப் பாதி நம்பியிருந்தேன்.

காலையில் மதுரைக்குப் போன் போட்டேன்.
ஒன்று அனுப்பு. ஒன்றே ஒன்று, பிள்ளைகள் மேசைக்கு.
நூறு ரூபாய் குறைத்தான்.
எனக்குப் பழசு போதும்.
மானிய டீசல் மனுவை
யாரும் இரண்டு கையால் அவசரமாகப் படிப்பதில்லை.